மூன்று அடிக்குள் ஒரு பலகை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஈஸ்ட் விண்ட்ஸர் ஊரின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் வாசலில் தேர்தல் பலகை வைக்க நினைத்தவர் முதலில் அளவு நாடாவைத் தேட வேண்டியிருந்தது. பூப்பாத்திக்குள் வைக்கலாம், ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து மூன்று அடிக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. புல்வெளிக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, அவ்வளவுதான். விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் கட்டவே கூடாது. வீடு அவருடையது. வங்கிக் கடன் தவணையும் சொத்து வரியும் அவர் பையிலிருந்துதான் போகின்றன. ஆனாலும் அந்த மூன்றடிக் கோட்டைக் கிழித்தவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களோ நகராட்சி அதிகாரிகளோ கிடையாது. கிழித்தது வீட்டு உரிமையாளர் சங்கம். அங்கே வாழும் தமிழர்களின் பேச்சில், எச்.ஓ.ஏ.

ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பு, சுமார் 2,700 வீடுகள், 10,000 பேர். 1969-ல் பதிவான ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தின் மேல் எழுந்த குடியிருப்பு அது. உள்சாலைகளைப் பராமரிப்பது, தெருவிளக்கு போடுவது, பனி அள்ளுவது, குப்பை எடுப்பது, கார் நிறுத்துமிடத்தைப் பங்கிடுவது எல்லாம் சங்கத்தின் வேலை. ஒரு சிறு நகராட்சி செய்யும் காரியங்களில் பெரும்பகுதியை அது செய்தது. நகராட்சியை எதிர்த்துப் பேசினால் அரசமைப்புச் சட்டம் துணைக்கு வரும். சங்கத்தை எதிர்த்துப் பேசினால்?

2000-ல் குடியிருப்பாளர்கள் சிலர் குழுவாகத் திரண்டு இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பலகைக் கட்டுப்பாடு, சமூகக் கூடத்துக்கான வாடகையும் நிபந்தனைகளும், சங்கத்தின் மாத இதழில் எதிரணிக்குச் சம இடம் இல்லாதது ஆகிய மூன்றும் அவர்களின் முக்கியக் குறைகள். வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. அதன் வேர் அதைவிடப் பழையது. அது அமெரிக்க மண்ணிலேயே தொடங்கவில்லை.

லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தை 1808-ல் சார்லஸ் டல்க் என்பவர் விற்றார். வாங்குபவர் அதைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், கட்டடம் எழுப்பக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டார். கை மாறி மாறி மோக்ஸே என்பவரிடம் வந்தது தோட்டம். நிபந்தனை இருப்பது தெரிந்தே வாங்கிய அவர், அதில் தான் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லிக் கட்டடம் கட்டக் கிளம்பினார். 1848-ல் லார்டு காட்டன்ஹாம் அவரைத் தடுத்தார். நிபந்தனை தெரிந்து வாங்கியவன் அதற்குக் கட்டுப்பட்டவன் என்றது தீர்ப்பு. ஆளோடு முடிந்துபோகும் ஒப்பந்தம் அன்று மண்ணோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் எழுந்த எல்லாச் சங்கங்களும் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கின்றன. லெஸ்டர் சதுக்கத்தில் இன்றும் தோட்டம் இருக்கிறது.

அட்லாண்டிக்கைக் கடந்த இந்தக் கருத்தைத் தொழிலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் கான்சஸ் சிட்டியின் மனை வியாபாரி ஜே. சி. நிக்கோல்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கன்ட்ரி கிளப் டிஸ்ட்ரிக்ட்’ என்ற பிரம்மாண்டமான குடியிருப்புப் பகுதியை அவர் வளர்த்தார். எவ்வளவு இடம் விட்டுக் கட்ட வேண்டும், எவ்வளவு செலவில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகள் அதுவரை 20, 25 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். நிக்கோல்ஸ் ஒரு தந்திரம் செய்தார். கெடு முடிய ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பான்மை உரிமையாளர்கள் எழுத்தில் மறுத்தாலொழிய, நிபந்தனைகள் தாமாகவே புதுப்பிக்கப்படும் என்று எழுதினார். சும்மா இருந்தால் சம்மதம் என்று பொருள். மறுக்க வேண்டுமென்றால் தெருத்தெருவாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதையும் ஐந்து ஆண்டுகள் முன்னதாகச் செய்ய வேண்டும்.

அந்த நிபந்தனைகளுள் ஒன்று, கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது. தானே புதுப்பித்துக்கொள்ளும் பத்திரங்களில் அந்த வரி தலைமுறைகளைக் கடந்து வந்தது. 2020-ல் கான்சஸ் சிட்டி நிர்வாகம் ஒரு நீரூற்றிலிருந்தும் சாலையிலிருந்தும் நிக்கோல்ஸின் பெயரை அகற்றியது.

சங்கத்துக்குப் பல் முளைத்த இடம் நியூயார்க்கின் ராக்கவே கடற்கரையில் உள்ள நெபோன்சிட். அங்கே 1917-ல் விற்ற மனையின் பத்திரத்தில், சாலைக்கும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் சாக்கடைக்கும் ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு டாலர் கட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த மனையைப் பின்னாளில் ஏலத்தில் எடுத்த வங்கி கட்ட மறுத்தது. பணம் கேட்கும் சங்கத்துக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, அது எப்படி வழக்குப் போடும் என்பது வங்கியின் வாதம். 1938-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. சங்கம் உரிமையாளர்களின் பிரதிநிதி; அது கேட்கும் கட்டணம் நிலத்தோடு ஒட்டியது; கட்டாவிட்டால் நிலத்தின் மேல் பற்றுரிமை உண்டு. நான்கு டாலருக்காக எழுதப்பட்ட இந்தத் தீர்ப்பு, சங்கத்தின் கையில் ஜப்தி அதிகாரத்தைக் கொடுத்தது.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2001-ல் டெக்சஸின் ஹூஸ்டன் நகரம் பார்த்தது. எண்பது வயதைக் கடந்த ஒரு விதவை சங்கத்துக்கு வைத்திருந்த பாக்கி ஆயிரம் டாலருக்கும் குறைவு. ஏறத்தாழ 1,50,000 டாலர் பெறுமானமுள்ள அவருடைய வீடு 5,000 டாலருக்கு ஏலம் போனது. வீட்டின் மேல் வேறு கடன் எதுவும் இல்லை. ஊர் கொதித்தது. ஏலம் போன வீட்டை 180 நாட்களுக்குள் பணம் கட்டி மீட்கும் உரிமையை அதே ஆண்டு டெக்சஸ் சட்டமன்றம் உருவாக்கியது.

பணம் வசூலிக்கும் உரிமையும் விதி போடும் உரிமையும் இப்படி நீதிமன்றங்கள் வழியே கிடைத்தன. விதி போடுபவரைக் கேள்வி கேட்கும் உரிமை மட்டும் வரைபடத்திலேயே இல்லை. அது ஏன் என்று பார்க்க நியூ ஜெர்சியின் ராட்பர்னுக்குப் போக வேண்டும்.

நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் ராட்பர்னைப் பாடமாகவே படிக்கிறார்கள். 1929-ல், ஃபேர் லான் ஊரில், ‘மோட்டார் காலத்துக்கான ஊர்’ என்ற விளம்பரத்தோடு எழுந்தது அது. கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வரைந்த அந்த ஊரில் வீடுகளின் முகம் பூங்காவைப் பார்க்கும், முதுகு தெருவைப் பார்க்கும். சாலையைக் கடக்காமலே, கீழ்ப்பாலம் வழியாகக் குழந்தைகள் பள்ளிக்கு நடந்துவிடலாம். 25,000 பேருக்காகத் திட்டமிட்ட ஊர், அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததில் பாதியில் நின்றது. கட்டிய நிறுவனம் திவாலானது. கட்டிய பகுதி மட்டும் அழகு குறையாமல் இன்றும் இருக்கிறது. 2005-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பூங்காக்களைப் பற்றிப் பேசும் புத்தகங்கள் பத்திரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை வரைந்தவர் சார்லஸ் ஆஷர் என்ற வழக்கறிஞர். ஒப்பந்தத்தின் வழியாக ஓர் ஆட்சி என்பது அவருடைய கனவு. நகராட்சி அரசியலின் ஊழலும் கட்சிச் சண்டையும் தீண்டாமல், நிபுணர்கள் நிர்வகிக்கும் ஊர். அந்தக் கனவில் குடியிருப்பவர் கட்டணம் செலுத்துவார், வசதிகளை அனுபவிப்பார். நிர்வாகம் அறங்காவலர்களின் கையில் இருக்கும். ராட்பர்ன் அசோசியேஷனின் ‘உறுப்பினர்’ என்றால் அன்று இந்நாள் அறங்காவலர்களும் முன்னாள் அறங்காவலர்களும்தான். வீடு வாங்கியவர் உறுப்பினர் ஆகவில்லை. குடியிருப்பாளர்கள் கூடிப் பேச ‘சிட்டிசன்ஸ் அசோசியேஷன்’ என்று தனியாக ஒன்று இருந்தது. பேசுவது ஓரிடம், முடிவெடுப்பது இன்னோரிடம்.

பின்னாளில் குடியிருப்பாளர்களுக்கு வாக்கு வந்தது. ஆனால் அவர்கள் முன் வைக்கப்படும் வேட்பாளர் பட்டியலைத் தயாரித்தது அந்த உறுப்பினர் வட்டம்தான். வாக்குப்பெட்டி உண்டு, வேட்புமனு கிடையாது.

இந்தத் தனியார் ஒப்பந்தங்கள் அரசமைப்புச் சட்டத்தின் பிடிக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றனவா என்ற கேள்விக்கு முதல் பெரிய விடை மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்தது. ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945-ல் லபாடி அவென்யூவில் ஒரு வீடு வாங்கியது. 1911-ல் அந்தத் தெருக்காரர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி அவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது. அதே ஒப்பந்தத்தில் அடங்கிய இன்னொரு வீட்டுக்குச் சொந்தக்காரர்களான கிரேமர் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1948 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன விடை நுட்பமானது. தனிமனிதர்கள் இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்வதை அரசமைப்புச் சட்டம் தடுக்காது. ஆனால் அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்டால், நீதிமன்றமும் அரசுதான். அரசு பாகுபாட்டுக்குக் கைகொடுக்க முடியாது.

பத்திரத்தின் ஒரு நிபந்தனையை நீதிமன்றம் இப்படி முடமாக்கியது. இதே வாதம் பேச்சுரிமைக்கும் பொருந்தாதா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். பெரும்பாலான நீதிமன்றங்கள் இனப் பாகுபாட்டோடு கோடு போட்டு நிறுத்திக்கொண்டன.

சங்கங்களின் பெருக்கம் 1960-களில் தொடங்கியது. கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு 1961-ல் அடுக்குமாடி உரிமைக்குக் காப்பீடு தரத் தொடங்கியது. பொதுத்திடலும் சங்கமும் சேர்ந்த மனைத் திட்டங்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் வழிகாட்டி வெளியிட்டது. மனைக்காரர்களுக்குக் கணக்கு எளிது: சின்ன மனையில் நெருக்கி வீடு கட்டலாம், ஈடாக நீச்சல் குளமும் பூங்காவும் காட்டலாம். நகராட்சிகளுக்கும் லாபம், வரி வரும், பனி அள்ளும் செலவு இல்லை. 1973-ல் இந்தத் துறைக்கென்றே ‘கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிடியூட்’ உருவானது. அதன் கணக்குப்படி 1970-ல் நாடு முழுக்க 10,000 சங்கங்கள், அவற்றின் கீழ் 21 லட்சம் பேர். இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள், ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்கள். 1994-ல் ‘பிரைவடோபியா’ என்ற நூலில் அரசியல் அறிவியலாளர் எவன் மெக்கென்சி இதைத் தனியார் அரசாங்கம் என்றே அழைத்தார்.

அந்த அரசாங்கத்தின் விதிகள் வளர்ந்த வேகத்தில், அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக விலக்குக் கேட்டு மக்கள் சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார்கள். 1996-ல் சிறிய டிஷ் ஆன்டெனாவைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் விதி போட்டது. தேசியக் கொடிக்கே தனிச் சட்டம் தேவைப்பட்டது. வீட்டில் அமெரிக்கக் கொடி பறக்கவிடுவதைச் சங்கம் தடுக்க முடியாது என்ற சட்டம் 2006-ல் கையெழுத்தானது. கொடி பறக்கலாம் என்று ஆயிற்று. கருத்து?

நியூ ஜெர்சி இந்தக் கேள்விக்கு ஏற்ற களம். மத்திய அரசமைப்புச் சட்டம் பேச்சுரிமையை அரசு பறிக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. நியூ ஜெர்சியின் சாசனமோ ஒவ்வொருவருக்கும் பேசும் உரிமை உண்டு என்று நேராகச் சொல்கிறது. பறிப்பவர் அரசாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 1980-ல் தனியார் பல்கலைக்கழகமான பிரின்ஸ்டனின் வளாகத்தில் துண்டறிக்கை விநியோகித்தவரின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரியைப் பயன்படுத்தியது. இடத்தின் இயல்பான பயன் என்ன, பொதுமக்களுக்கு அங்கே எவ்வளவு அழைப்பு உண்டு, பேச்சுக்கும் அந்த இடத்துக்கும் என்ன பொருத்தம் என்று மூன்று கேள்விகளைக் கொண்ட உரைகல்லை வகுத்தது. 1994-ல் பெரிய ஷாப்பிங் மால்களுக்கும் அதே உரைகல் போனது.

அடுத்தது ஹட்சன் ஆற்றங்கரையின் குட்டன்பெர்க். மிகச் சிறிய ஊர். அதில் கேலக்ஸி டவர்ஸ் என்ற மூன்று கோபுரங்கள். ஊர்த் தேர்தலில் கோபுரவாசிகளின் வாக்குக்குக் கனம் அதிகம். அங்கிருந்த சங்கம் ஊர்த் தேர்தலில் வேட்பாளர்களுக்கு ஆதரவு தெரிவித்துக் கதவுக்குக் கதவு நோட்டீஸ் போட்டது. எதிர்த் தரப்பு நோட்டீஸ் போட வந்தால் அனுமதி இல்லை. 1990-களின் நடுவில் வழக்கு வந்தபோது நீதிமன்றங்கள் எதிர்த் தரப்புக்கும் கதவைத் திறந்துவிட்டன. அரசியல் பிரசாரத்துக்காகத் தாழ்வாரத்தைத் திறந்த பிறகு, தனக்கு வேண்டியவருக்கு மட்டும் அது திறந்திருக்கும் என்று சங்கம் சொல்ல முடியாது.

இந்த வரிசையில்தான் ட்வின் ரிவர்ஸ் வருகிறது. 2004-ல் முதல் சுற்று பெரும்பாலும் சங்கத்துக்குச் சாதகம். 2006-ல் மேல்முறையீட்டில் குடியிருப்பாளர்களுக்கு வெற்றி. நாடெங்கும் சங்க வழக்கறிஞர்களிடையே பரபரப்பு. 2007 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ட்வின் ரிவர்ஸ் பொதுமக்களை அழைக்கும் மால் இல்லை, அது குடியிருப்பு. பலகை வைக்கவே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை, எங்கே என்று மட்டும் சொன்னது. வீடு வீடாகப் போய்ப் பேசலாம், சொந்த இதழ் நடத்தலாம், அடுத்த தேர்தலில் வாரியத்தை மாற்றலாம். நியாயமற்ற விதி வந்தால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றும் ஒரு வாசல் விட்டுவைத்தது தீர்ப்பு.

அந்த வாசல் வழியாக அடுத்தவர் வந்தார். பார்சிப்பனியில் மஸ்டாபுரூக் காமன்ஸ் என்ற 194 டவுன்ஹவுஸ்கள் கொண்ட குடியிருப்பு. அங்கே வசித்த ஒருவர் 2005-ல் ஊர் மன்றத் தேர்தலில் தானே வேட்பாளராக நின்றார். தன் பெயர் போட்ட பலகையைத் தன் வீட்டு ஜன்னலிலும் கதவிலும் வைத்தார். ‘விற்பனைக்கு’ என்ற ஒரு பலகை தவிர வேறு எதுவும் கூடாது என்பது அங்கே விதி, எடுக்கச் சொன்னார்கள். பிறகு அவர் வளர்த்த ரோஜாக் கொடி அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது என்று அபராதம் வந்தது. கொடியில் தொடங்கிய சச்சரவோடு பலகையும் சேர்ந்து நீதிமன்றம் ஏறியது. வீட்டை விற்கிறேன் என்று சொல்ல அனுமதி உண்டு, எனக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல அனுமதி இல்லை. 2012-ல் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ரேப்னர் எழுதிய தீர்ப்பு அந்த முழுத் தடையைச் செல்லாது என்றது.

இரண்டு ஆண்டுகளில் இன்னொன்று. ஃபோர்ட் லீயில் 483 வீடுகள் கொண்ட ஒரு கூட்டுறவு உயர்மாடிக் கட்டடம். நிர்வாக வாரியத்தைக் குறை சொல்லி வந்த ஒரு குடியிருப்பாளர் அதன் தேர்தலில் நிற்கத் துணிந்தார். தன் துண்டறிக்கையைக் கதவிடுக்குகளில் செருக அனுமதி கேட்டார். காகிதக் குப்பை சேரும், விதி இடம் தராது என்று மறுத்தார்கள். வாரியமோ தன் தரப்புச் செய்தியறிக்கைகளை, எதிரிகளைச் சாடும் வரிகள் உட்பட, அதே கதவிடுக்குகளில் செருகிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் ரேப்னரே ஒருமனதான தீர்ப்பை எழுதினார். ஒரு கட்டடத்தை ஆளும் வாரியத்தைப் பற்றிய பேச்சு அந்தக் கட்டடத்துக்குள் அரசியல் பேச்சுதான்; எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று நியாயமான வரம்பு வைக்கலாம், அடியோடு தடுக்க முடியாது.

ஜன்னல் கிடைத்தது, கதவிடுக்கு கிடைத்தது. வேட்புமனு இன்னும் கிடைக்கவில்லை.

ராட்பர்னில் ‘டேலி ஃபீல்டு’ என்ற திடலை வீடு கட்ட விற்கும் திட்டம் குடியிருப்பாளர்களை உசுப்பிவிட்டது. விற்கிறவர்கள் யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார், கணக்கு எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. 2006-ல் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் மேல்முறையீட்டு மன்றம் வரை போனதில் பாதி வெற்றி. மாநிலத்தின் வெளிப்படைச் சட்டம் இந்தச் சங்கத்துக்கும் பொருந்தும், கணக்கைக் காட்ட வேண்டும் என்றது மன்றம். வேட்பாளர் பட்டியலைப் பழைய வட்டமே தயாரிக்கும் முறையை மட்டும் அது தொடவில்லை. அன்றிருந்த சட்டம் அதைத் தடுக்கவில்லை.

அந்தச் சட்டம் 1970-களின் இறுதியில் வந்தது. மனைக்காரர்களின் பிடியைப் படிப்படியாகத் தளர்த்தும் விதிகள் அதில் உண்டு. 25 சதவீத வீடுகள் விற்றதும் வாரியத்தில் கால் பங்கு இடம் வீடு வாங்கியவர்களுக்கு; பாதி விற்றதும் 40 சதவீத இடம்; முக்கால் பங்கு விற்றதும் வாரியத்தின் கட்டுப்பாட்டை மனைக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு உட்காரும் உரிமையாளர் வாரியமே மனைக்காரரைப் போல நடந்துகொண்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் வழி இல்லை.

தேர்தலே கைப்பற்றப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெவாடா சாட்சி. 2003 முதல் 2009 வரை லாஸ் வேகஸில் ஒரு கும்பல் 11 சங்கங்களைக் குறிவைத்தது. பினாமிகளை வைத்து ஆளுக்கொரு வீடு வாங்க வைத்தது, அவர்களை வாரியத் தேர்தலில் நிறுத்தியது, வாக்குச்சீட்டுகளில் மோசடி செய்தது. வாரியம் கைக்கு வந்ததும் கட்டுமானக் குறைபாட்டு வழக்குகளும் பழுதுபார்க்கும் ஒப்பந்தங்களும் தங்கள் ஆட்களுக்கே போகும்படி பார்த்துக்கொண்டது. சூத்திரதாரியான கட்டட ஒப்பந்ததாரர் லியான் பென்சருக்கு 2015-ல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. சில நூறு பேர் மட்டும் வாக்களிக்கும், யாரும் கவனிக்காத தேர்தல்தான் அந்தக் கும்பலின் முதலீடு.

கேள்வி கேட்பவர் பக்கமே எப்போதும் நியாயம் நிற்கும் என்று எடுத்துக்கொள்வதற்கும் இல்லை. வாரியத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத அக்கம்பக்கத்தார். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-ல் கட்டிய சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் கட்டடத்தில் காங்கிரீட் சிதைந்துவருவதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எச்சரித்தது. யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டையில் 2019-ல் வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் விலகினார்கள். 2021-ல் 1.5 கோடி டாலர் சிறப்புக் கட்டணம் முடிவானபோது, ஒரு வீட்டுக்கு 80,000 டாலரில் தொடங்கி மூன்று லட்சத்துக்கும் மேல் வந்தது. பழுதுபார்ப்புப் பணி முழுவீச்சில் தொடங்குமுன், அந்த ஆண்டு ஜூன் 24 நள்ளிரவு கடந்து கட்டடத்தின் ஒரு பெரிய பகுதி இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். கட்டணத்தை எதிர்த்தவர்களுக்கும் வாக்கு இருந்தது, அறிக்கையும் இருந்தது. அறிக்கையின் கனம் எல்லோரையும் ஒரே அளவில் எட்டவில்லை. பராமரிப்பு நிதியை ஒதுக்காமல் தள்ளிப்போட உரிமையாளர்களுக்கு இருந்த சலுகையை, மூன்று தளங்களோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களின் கட்டுமானப் பகுதிகளைப் பொறுத்தவரை, 2022-ல் ஃபுளோரிடா ரத்து செய்தது.

நியூ ஜெர்சியில் 2017 ஜூலை 13 அன்று ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்ட திருத்தத்துக்கு ஊர் வழக்கில் ‘ராட்பர்ன் சட்டம்’ என்றே பெயர். வீடு வாங்கும் ஒவ்வொருவரும் அந்த நொடியே சங்க உறுப்பினர். பாக்கி இல்லாத எந்த உறுப்பினரும் தன்னையோ இன்னொருவரையோ வேட்பாளராக முன்மொழியலாம். வாக்குச்சீட்டு ரகசியம், எண்ணிக்கை எல்லோர் முன்னிலையிலும். 51 சதவீத உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் வாரிய உறுப்பினரைத் திரும்ப அழைக்கத் தேர்தல். ஆஷரின் பத்திரத்துக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையில் 88 ஆண்டுகள் ஓடியிருந்தன. சங்கங்களும் சும்மா இருக்கவில்லை. உறுப்பினர்களே வராத கூட்டத்தில் விதியை எப்படித் திருத்துவது, சிறிய குடியிருப்புகள் தேர்தல் செலவை எப்படித் தாங்கும் என்று வாதாடின. 50 வீடுகளுக்குக் குறைந்த சங்கங்களுக்குச் சில விலக்குகள் கிடைத்தன. மாநிலத் துறை விரிவான விதிமுறைகளை வெளியிட 2020 ஆனது.

வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருப்பவரின் நிலை அந்தச் சட்டத்துக்குப் பிறகும் மாறவில்லை. சங்கத்தின் துணைவிதி தானாக முன்வந்து இடம் கொடுத்தாலொழிய அவருக்கு வாக்கு கிடையாது. பலகை, கார் நிறுத்தம், ரோஜாக் கொடி பற்றிய விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும். மீறினால் அபராதம் உரிமையாளர் பெயருக்கு வரும், பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தின் வழியாக அவரிடமே வந்து சேரும்.